கைமாத்தாக வாங்கிய நேரம்

அனைவருக்கும் வணக்கம். மேடையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கும் எதிரே அமர்ந்திருக்கும் உங்களுக்கும் சேர்த்து ஒரே வணக்கம். பெயர் சொல்லி, பட்டம் சொல்லி, ஒவ்வொருவராக விளிக்காததற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும். காரணம் சற்று நேரத்தில் உங்களுக்கே விளங்கும்.

கடைசியாக உறுதியான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். லயம் இசைப்பள்ளி மூடப்படவில்லை. நாளை திங்கட்கிழமை மாலை வழக்கம்போல் வகுப்பு உண்டு. மறைந்த பத்மாசினி அம்மையாரிடம் டிரம்பெட் கற்ற தாமரைச்செல்வி வகுப்பெடுக்கிறார். இதைச் சொன்னவர் அம்மையாரின் கணவர் லட்சுமிநாராயணன். இந்த மண்டபத்து வாசலில், உள்ளே வருவதற்குச் சற்று முன்னால், என்னிடம் சொன்னார். பள்ளி கைமாறப்போகிறது, அது இருக்கும் மாடியைக் காலிசெய்யப்போகிறார்கள் என்று நான்கு நாளாக ஊரில் உலவும் பேச்சுக்கு ஆதாரம் எதுவும் இல்லை.

பத்மாசினி அம்மையார் சென்ற புதன்கிழமை மாரடைப்பால் காலமானார். வயது அறுபத்திரண்டு. சௌராஷ்டிரக் குடும்பம், தகப்பனார் தறி வைத்திருந்தவர். வயலின் முறையாகக் கற்றவர். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்து, ஓய்வு வரை பொறுக்காமல் வேலையை விட்டு, இங்கே நாகமலை புதுக்கோட்டையில் ஒரு வெல்டிங் பட்டறையின் மாடியை வாடகைக்குப் பிடித்தார். கீபோர்டு, கிதார், டிரம்பெட் என்று வைத்துக்கொண்டு ஜாஸ் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார், பள்ளியில் தமிழ் பேசுவார், யாராவது வாசிக்கும்போது எதுவும் பேசமாட்டார்.

பட்டறைக்கு மேலேயா இசைப்பள்ளி என்று நான் கேட்டதற்கு, "கீழ அம்புட்டுச் சத்தம் இருக்கையில மேல நாங்க போடுற சத்தத்தை யாருண்ணே கேக்கப்போறாங்க" என்றார். அந்தக் கணக்கு ஒரு வாரத்தில் தப்பிப்போனது. பட்டறைக்காரர் அழகுபாண்டி படியேறி வந்து நின்றார்.

"ஏக்கா, நாங்க சத்தம் போட்டா அது தொழிலு. நீங்க எதுக்குப் போடுறீங்க?"

"இதுவும் தொழில்தான்ப்பா. நின்னுக்கிட்டே திட்டாத, உக்காந்து திட்டு" என்று அவரை உட்காரவைத்த இடம் டிரம்ஸுக்குப் பின்னால். கையில் குச்சியையும் கொடுத்தார். அன்று உட்கார்ந்தவர்தான். இன்றும் மூன்றாம் வரிசையில், அதே குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அழகுபாண்டி அவரிடம் கேட்ட முதல் கேள்வி இது: "ஜாஸ்னா என்னக்கா, ஜாஸ்தியா வாசிக்கிறதா?"

"இல்லடா. கம்மியா வாசிச்சிட்டு அடுத்தவனுக்கு விடுறது."

சிரிக்கிறீர்கள். அவரும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்தப் பள்ளியின் பாடம் முழுவதும் அந்த ஒரு பதிலில் இருந்தது. ஜாஸில் ஒரு முறை உண்டு. ஒருவர் நாலு தாளச் சுற்று வாசித்துவிட்டு நிறுத்துவார். அவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் எடுத்து நாலு சுற்று வாசித்து, திரும்ப முதலாமவரிடமே கொடுப்பார். அந்த இசை பிறந்த நாட்டில் அதற்கு வேறு பெயர். அம்மையார் வைத்த பெயர் கைமாத்து. எழுத்தில்லை, சாட்சியில்லை, அவசரத்துக்கு வாங்குகிறோம், மறக்காமல் திருப்பிக் கொடுக்கிறோம். "நாலு வாங்குனா நாலு குடு. மூணு குடுத்தா அது ஏமாத்து, அஞ்சு குடுத்தா வட்டி. கைமாத்துல ரெண்டும் கிடையாது" என்பார்.

இந்தக் கைமாத்தை ஊர் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் சென்ற மாசி மாதம் அந்த விழாவை நடத்தினார். ஒருநாள் ஜாஸ் விழா. இதே மண்டபம். இதே மேடை. சென்னையிலிருந்து ஒரு குழு வந்தது. கொடைக்கானலிலிருந்து ஒரு பியானோ கலைஞர். புதுச்சேரியிலிருந்து சாக்ஸபோன் வாசிக்கும் சித்தார்த். பகல் முழுக்க வந்தவர்கள் வாசிப்பார்கள். கடைசி நிகழ்ச்சியில் வந்தவர்களும் பள்ளியின் மாணவர்களும் ஒரே மேடையில் மாற்றி மாற்றிக் கைமாத்து வாசிப்பார்கள். விழாவே அந்தக் கடைசி நிகழ்ச்சிக்காகத்தான்.

அந்தக் கடைசி நிகழ்ச்சி நடக்கவில்லை.

ஏன் நடக்கவில்லை? மழையா? மின்தடையா? கலைஞர்கள் வரவில்லையா? எதுவும் இல்லை. நாம் பேசினோம்.

அழைப்பிதழில் இசைக் கலைஞர்களின் பெயர்களைவிட நம் பெயர்கள் அதிகம். நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். அழைப்பிதழில் பெயர் போட்டால் மேடைக்குக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் பொன்னாடை போர்த்த வேண்டும். போர்த்தினால் இரண்டு வார்த்தை பேசச் சொல்ல வேண்டும். தாமதமாக வருபவருக்கு அடுத்த விசேஷத்துக்குப் போகிற அவசரம் இருக்கும். அவருக்காக, வாசித்துக்கொண்டிருப்பவர் நிறுத்த வேண்டும். "ஒரே ஒரு நிமிஷம்" என்று மைக்கைத் திருப்புவோம். அன்று காலையிலிருந்து மாலை வரை எத்தனை ஒரே ஒரு நிமிஷம்?

மதியம் நடந்ததை நீங்கள் பார்த்தீர்கள். சித்தார்த் கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேர் பின்பக்கமாக வந்து அவர் தோளில் பொன்னாடையைப் போர்த்தினார்கள். அது சரிந்து சாக்ஸபோனின் வாயை மூடியது. சத்தம் அமுங்கி நின்றுபோனது. அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். நாம் கைதட்டினோம். எதற்காகத் தட்டுகிறோம் என்று அவருக்குப் புரியவில்லை. நமக்குப் புரிந்தது, படம் எடுத்து முடித்திருந்தார்கள்.

மூத்த பத்திரிகையாளர் என்று எனக்கும் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். வாங்கிக்கொண்டேன். மறுநாள் பத்திரிகைகளில், என்னுடையதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், வாழ்த்திப் பேசியவர்கள் பெயர் வரிசையாக வந்தது. வாசித்தவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. விழா இனிதே நிறைவுற்றது என்று முடித்திருந்தோம்.

மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்தவர் அண்ணன் செல்வக்குமார். வரவேற்புக் குழுத் தலைவரும் அவர்தான். இதோ மேடையில் இருக்கிறார். மறுநாள் இங்கே ஒரு கல்யாணம். விழா அன்று மாலை ஆறு மணிக்கே மண்டபத்தைப் பெண்வீட்டாரிடம் விட வேண்டும். மதியத்துக்கு மேல் அம்மையார் அவரிடம் போய், "பேச்சைக் கொஞ்சம் குறைச்சுக்கலாமா அண்ணே? பிள்ளைக காத்துக்கிட்டு இருக்குக" என்று கேட்டார். "பேரு போட்டாச்சேம்மா. கூப்பிடாம விட்டா நாளைக்கு அவுக மூஞ்சில நான் எப்பிடி முழிப்பேன்? பிள்ளைகதானே, நேரம் இருந்தா பாப்போம்" என்றார் அவர்.

அவரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த இடத்தில் நம்மில் யார் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்போம். நேற்று அவரே என்னைக் கூப்பிட்டார். "அண்ணே, அந்த விழாக் கதையையும் பேசிருங்க. நான் பேசுனா அதுக்கே இன்னொரு அரை மணி நேரமாகும்" என்றார். அவர் அனுமதியோடுதான் பேசுகிறேன்.

அன்று இரண்டாம் வரிசையில் நல்லகாமன் அய்யா உட்கார்ந்திருந்தார். தாமரைச்செல்வியின் தகப்பனார். சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். வந்த விருந்தாளிகளுக்குக் கொடுக்க ஒரு கட்டு வெற்றிலை கொண்டுவந்திருந்தார். மகள் டிரம்பெட் வாசித்து அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. தாமரைச்செல்வி மருத்துவமனையில் நர்ஸ். பணி முடிந்து பள்ளிக்கு வந்து பழகிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். வீட்டில் ஊதினால் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருவார்கள். "எதா இருந்தாலும் மேடையில கேட்டுக்கிறேன் தாயி" என்று சொல்லி வந்தவர், காலையிலிருந்து இடத்தைவிட்டு எழவில்லை.

ஆறு மணிக்கு வாழைமரம் கட்டுகிறவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். மேடைக்குப் பின்னால் மாணவர்கள் கருவிகளைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார்கள். நல்லகாமன் அய்யா வாசலுக்கு வந்து, கழுத்தில் பொன்னாடையோடு நின்ற என்னிடம் கேட்டார்.

"எம்மக எப்ப சார் வாசிக்கும்?"

அவரைத் தாண்டி ஒரு வாழைமரம் உள்ளே போனது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இத்தனை நாளாக என்னைத் தலைகுனிய வைத்திருக்கிறது. பத்மாசினி அம்மையார் வேனுக்கு அருகில் நின்று, ஏறப்போகும் ஒவ்வொரு கலைஞரிடமும் மன்னிப்புக் கேட்டார். ஊருக்காகக் கேட்டார். நம்மில் ஒருவரையும் பெயர் சொல்லிக் குறை கூறவில்லை. சித்தார்த் சிரித்துக்கொண்டே, "விடுங்க மேடம், கல்யாணத்துலகூட வாசிச்சிருக்கேன். அங்க சாப்பாடு போடுற வரைக்குமாவது வாசிக்க விடுவாங்க" என்றார். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். அம்மையாரால் சிரிக்க முடியவில்லை.

கடைசியாக நல்லகாமன் அய்யாவிடம் வந்தார். கைகூப்பினார். "மன்னிச்சிருங்க அய்யா. உங்க மகளோட நேரத்தை இந்த ஊரு கைமாத்தா வாங்கிருச்சு. நான் திருப்பித் தந்துருவேன்."

யார் வாங்கினார்கள்? யார் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள்? வெட்கப்பட வேண்டியவர்கள் பொன்னாடையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம். வெட்கப்பட ஒரு காரணமும் இல்லாதவர் வாசலில் கைகூப்பி நின்றார்.

வரும் மாசியில் இரண்டாவது விழா நடத்த அவர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். "இந்தத் தடவை அழைப்பிதழே அடிக்கப்போறதில்லண்ணே. வாயால கூப்பிடுவேன். வாரவுக வரட்டும்" என்று என்னிடம் சொன்னார். அந்த வேலையின் நடுவில்தான் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இனி இன்றைய நிலவரம். இந்த மண்டப வாசலில் வைத்திருக்கும் இரங்கல் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் எல்லோரும் உள்ளே வந்தோம். அதில் அம்மையாரின் படம் ஒரு மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு இருக்கிறது. மற்ற இடமெல்லாம் கைகூப்பி நிற்கும் நம் படங்கள். என் படமும் இருக்கிறது, அம்மையாரின் படத்தைவிடப் பெரிதாக. நிகழ்ச்சி நிரலில் இரங்கலுரை ஆற்றுவோர் பத்தொன்பது பேர். நான் நான்காவது.

இன்று மாலை பள்ளி மாணவர்கள் கருவிகளோடு வந்திருக்கிறார்கள். டீச்சருக்காக வாசிக்க வேண்டும் என்று வாசலில் நின்று கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைத்த பதில்: "பெரியவுக பேசி முடிக்கட்டும். நேரம் இருந்தா பாப்போம்."

அதே வார்த்தை. அதே மண்டபம். சொன்னது யார் என்று நான் விசாரிக்கவில்லை. வேண்டியதில்லை. மாசி மாதம் அம்மையாரை அவமானப்படுத்தியபோது நமக்குத் தெரியவில்லை என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இன்று என்ன சொல்வோம்? ஒரு மனுஷி இறந்தும் நாம் கற்றுக்கொள்ளவில்லை என்றால், இந்தக் கூட்டத்துக்கு இரங்கல் கூட்டம் என்று பெயர் வைக்க நமக்கு என்ன தகுதி?

அம்மையாரின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லித்தான் இதுபோன்ற உரையை முடிக்க வேண்டும். சொல்கிறேன். இரண்டாவது விழா வரும் மாசியில் நடக்கும். மண்டபத்தை மறுநாள் பகல் வரை யாருக்கும் விடுவதில்லை என்று அண்ணன் செல்வக்குமார் சொல்லியிருக்கிறார். அழைப்பிதழ் கிடையாது, பொன்னாடை கிடையாது. மேடையில் வாசிப்பவர்களுக்கு மட்டும்தான் நாற்காலி. நாம் கீழே உட்காருவோம். செய்தி எழுதினால் வாசித்தவர்கள் பெயரைத்தான் எழுதுவேன்.

உறுதியாகாதது ஒன்று உண்டு. புதுச்சேரி சித்தார்த் மறுபடி வருவாரா என்று லட்சுமிநாராயணன் கேட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் சொல்வதாகப் பதில் வந்திருக்கிறது. வரமாட்டேன் என்று அவர் சொன்னால், ஏன் என்று கேட்க நமக்கு வாயில்லை.

இன்னொன்றும் நிலுவையில் இருக்கிறது. மாசி மாத விழாவின் கடைசி நிகழ்ச்சி. அதற்கு வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க வேண்டியதில்லை.

தாமரைச்செல்வி, மேலே வாம்மா. அழகுபாண்டி, குச்சிகளோடு வாங்க. மற்ற பிள்ளைகளும் வாருங்கள். மேடையில் இருக்கும் பெரியவர்கள் தயவுசெய்து என்னோடு கீழே இறங்கி அவர்களுக்கு இடம்விட வேண்டும். மீதமுள்ள இரங்கலுரைகள் பிறகு. நேரம் இருந்தால் பார்ப்போம்.

நல்லகாமன் அய்யா, அன்று உட்கார்ந்த அதே இரண்டாம் வரிசையில்தான் இன்றும் உட்கார்ந்திருக்கிறீர்கள். வாசலில் நீங்கள் என்னிடம் கேட்டதற்கு அன்று பதில் இல்லை.

இப்போது வாசிக்கும், அய்யா.