கைதானவளின் ஷிப்ட்

"புருசனைச் சுட்டது அவள் இல்லையெண்டு எனக்கு அப்பவே தெரியும்."

லண்டனில் ஈஸ்ட் ஹாம் போகும் ரயிலில் என் எதிரே முதியோர் இல்லச் சீருடையில் இரண்டு பெண்கள், மடியில் முறுக்குப் பை. முந்தைய நாள் டிவியில் வந்த பழைய ஹாலிவுட் கொலைப் படத்தைப் பற்றித்தான் பேச்சு.

"எப்பிடியக்கா?"

"அவள் பெரிய கொம்பனி மனேஜரெல்லே. பொலிஸ் பிடிச்ச உடனே ஒபிசுக்குப் போன் அடிச்சு, நாளைக்குத் தன்ர வேலைக்குப் பதில் ஆள் பிடிக்கச் சொன்னவள். சுடுற எண்ணம் இருந்திருந்தால் முதல் நாளே பதில் ஆள் பிடிச்சிருப்பாள்."

இளையவள் சிரித்தாள். "நீங்கள் பிள்ளை பெறப் போன அண்டைக்கும் ஷிப்டுக்கு ஆள் பிடிச்சிட்டுத்தானே போனனீங்கள்?"

"ஓம். மூண்டு பேர் ஏலாதெண்டிட்டினம். நாலாவது ஆள் வாறன் எண்ட பிறகுதான் அம்புலன்சுக்கு அடிச்சனான்."