சிவப்புப் பக்கம்

பிரஷ்ஷைக் கழுவியதும் முடி மேலே பார்க்கும்படி குவளையில் நிறுத்தக் கூடாது. தண்ணீர் உள்ளே இறங்கிப் பசை இளகும். நாலு நாளில் முடி கொட்டிவிடும். துணிமேல் படுக்க வைத்துத்தான் காய விட வேண்டும். எங்கள் பகுதிக் கலைக்கூடத்தில் பதினோரு வருடமாக இதைச் சொல்லி வருகிறேன். சம்பளமில்லாத வேலைதான். அதற்காக அரைகுறையாகச் செய்யலாம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லையே, இன்ஸ்பெக்டர் சார்.

நேற்று நீங்கள் சூளைக்காரரை அழைத்துப் போனீர்கள். எங்கள் மண்பாண்ட வகுப்பில் சூளை மூட்டுகிறவர். "நான்தான் கொன்னுட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பாவம், அவர் விதிப்படிதான் நடந்தார். இன்றைய செய்தித்தாளில் விதியிலேயே ஓட்டை என்று போட்டிருக்கிறார்கள். உள்ளே போகிறவள் பலகையில் தன் பெயர் வில்லையைத் திருப்ப மறந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அதைப் படித்ததும்தான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அந்த விதியை எழுதியவள் நான். அதில் ஓட்டை எதுவும் இல்லை. அவள் மறக்கவும் இல்லை.

விவரமாகச் சொல்கிறேன். சூளை அறை வாசலில் ஒரு பலகை இருக்கிறது. ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு மரவில்லை தொங்கும். ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பு. உள்ளே போகும்போது பச்சை, வெளியே வரும்போது சிவப்பு. சூளை அறைக்குப் பின்னால் பானைகளுக்கு மெருகு பூசும் அறை. அதற்கு ஜன்னல் கிடையாது. சூளை அறை வழியாகத்தான் வெளியே வர வேண்டும். எரிவாயுச் சூளை என்பதால் எரியும்போது அறையில் விஷப்புகை நிறையும், உள்ளே யாரும் இருக்கக் கூடாது. பலகை முழுக்கச் சிவப்பாக இருந்தால்தான் சூளைக்காரர் கதவை வெளியே தாழிட்டு, வெளிச்சுவரில் இருக்கும் வால்வைத் திறப்பார். ஆரம்பத்தில் ஒவ்வொரு தடவையும் உள்ளே போய் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பலகை பொய் சொல்லாது என்று நான்தான் அவருக்குப் புரிய வைத்தேன்.

செத்துப்போனவள் என் நாத்தனார். என் கணவருக்கு ஒரே தங்கை. அவளுடைய வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு எங்களோடு வந்து தங்கினாள். சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். "என்கூட வா, நாலு பேரப் பாத்தா மனசு ஆறும்" என்று நானே கையைப் பிடித்துக் கலைக்கூடத்துக்குக் கூட்டி வந்தேன். இதை நீங்கள் மறக்காமல் எழுதிக்கொள்ள வேண்டும்.

அதற்குள் வீட்டில் அடுப்படி அவள் கைக்குப் போயிருந்தது. நான் எதைத் தொட்டாலும், "நீங்க உக்காருங்க அண்ணி, நான் பாத்துக்கறேன்" என்பாள். முப்பது வருடம் என் சமையலை வாய் திறக்காமல் சாப்பிட்ட மனுஷன், தங்கையிடம் மறுபடி தட்டை நீட்டினார். போகட்டும் என்று விட்டேன். எனக்குக் கலைக்கூடம் இருந்தது.

மூன்றே மாதத்தில் அங்கேயும் எல்லாம் கற்றுக்கொண்டாள். என்னை விட நன்றாகவே களிமண் பிசைந்தாள். "இந்த மண்ணு எங்க வீட்டுக்காரர் மாதிரி, நாலு குத்து குத்தினாதான் வழிக்கு வரும்" என்பாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும். அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். ஒரு நாள் அவளுக்குச் சளி, வரவில்லை. நான் கதவைத் திறந்ததும், "அக்கா வரலையா?" என்று என்னிடமே கேட்டார்கள். பதினோரு வருடத்தில் நான் வராத நாள் ஒன்றுகூட இல்லை. அதனால் என்னை யாரும் அப்படிக் கேட்கும்படி ஆகவில்லை.

போன வாரம் கலைக்கூடச் செயலாளர் கூப்பிட்டார். "இவ்வளவு நாள் உழைச்சது போதும்மா. இனிமே வியாழக்கிழமை மட்டும் வாங்க. மத்த நாளெல்லாம் உங்க நாத்தனாரே பாத்துக்கறேன்னுட்டாங்க. அண்ணிக்கு முட்டி வலி, பாவம்னு சொன்னாங்க."

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை சார். எனக்கு முட்டி வலி இருப்பது உண்மை. கெட்டவளாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டு, சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். நல்லவளிடம் என்னத்தைப் போய்க் கேட்பது? எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன். வாரத்தில் ஆறு நாள் நான் என்ன செய்வேன் என்று அந்த வீட்டிலோ இந்தக் கூடத்திலோ ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

சனிக்கிழமை மதியம், வகுப்பு கலைந்த பிறகு, மெருகு பூச உள்ளே போனாள். வில்லையைப் பச்சைக்குத் திருப்பிவிட்டுத்தான் போனாள். அவளுக்குக் காது மந்தம்; பொடி படும் என்று காது கேட்கும் கருவியைக் கழற்றி டப்பாவில் வைப்பது அவள் வழக்கம். பிறகு கதவைச் சாத்தினாலும் தெரியாது. நான் அந்தப் பக்கமாகப் போனேன். அவள் வில்லையைச் சிவப்புக்குத் திருப்பினேன். ஒரு விரல் போதும்.

சூளைக்காரர் வந்தார். "எல்லாரும் வெளிய வந்தாச்சாம்மா?" என்றார்.

"பலகையப் பாருங்க" என்றேன்.

பார்த்தார். தாழிட்டார். மூட்டினார். சாப்பிடப் போனார்.

நான் தாழ்வாரத்தில் ஸ்டூல்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. முதலில் மெதுவாக, சங்கோஜப்பட்டுத் தட்டுவது போல. பிறகு இரண்டு கையாலும். எனக்கும் அந்தக் கதவுக்கும் பத்தடி இருக்கும். வெளியே வெறும் தாழ்ப்பாள்தான், பூட்டு கிடையாது.

அவள் சூளைக்காரரைக் கூப்பிடவில்லை. செயலாளரைக் கூப்பிடவில்லை. அவ்வளவு பேர் அக்கா, அக்கா என்றார்களே, அவர்களில் ஒருத்தரையும் கூப்பிடவில்லை. "அண்ணி, அண்ணி" என்று என்னைத்தான் கூப்பிட்டாள். நான் இல்லாமல் முடியாது என்கிற ஒருத்தி அந்தக் கட்டடத்தில் அப்போதாவது இருந்தாள் சார். அவளை எப்படித் தனியாக விட்டுப் போவது? சத்தம் நிற்கும்வரை கூடவே நின்றேன்.