டபாய்க்கிறதுன்னா என்ன?

லஸ்ஸிலிருந்து தி.நகர் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் ஒரு கணக்கு டீச்சர். அவர் பக்கத்தில், மடியில் கூடையோடு ஒரு பூக்காரம்மா.

டீச்சர் போனை வைத்துவிட்டு, "பிளவுஸ்ல ஹூக் மட்டும்தான் பாக்கியாம். நாலு நாளா இதையே சொல்லிண்டிருக்கான்" என்றார்.

"டெய்லர் உன்ன நல்லா டபாய்க்கிறாம்மா" என்றார் பூக்காரம்மா.

"டபாய்க்கிறதுன்னா? பொய் சொல்றதா?"

"பொய்யின்னா மடக்கிடலாமே. இவன் பேசுற பேச்சுல, நீ இன்னா கேக்க வந்தேன்றதே உனுக்கு மறந்து பூடும்."

"எனக்கா? இருபது வருஷமா கணக்குப் பாடம் எடுக்கறேன். இப்பவே கேக்கறேன் பாருங்கோ."

மறுபடி அழைத்து, ஸ்பீக்கரில் போட்டார். "பிளவுஸ் ரெடியா, இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கோ."

"மேடம், உங்களுக்கு ஆயுசு நூறு. முதுகுல கயிறு வெக்கிறதா வேணாமான்னு உங்களத்தான் நெனச்சிக்கினு இருந்தேன்."

கயிற்றிலிருந்து குஞ்சலத்துக்குப் போனார்கள், குஞ்சலத்திலிருந்து முத்துக்கு. பேசி முடித்தபோது பேருந்து தேனாம்பேட்டை சிக்னலைத் தாண்டியிருந்தது.

"முத்து வெச்ச குஞ்சலமே வெக்கச் சொல்லிட்டேன். பாவம், எல்லாத்தையும் நம்மளைக் கேட்டுண்டுதான் பண்றார்."

"சரிம்மா. ரெடியா, இல்லியா?"

டீச்சர் போனைப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"நாத்தனார் பொண்ணு ரிசப்ஷன் இன்னிக்கு சாயங்காலம்" என்றார்.

பூக்காரம்மா கூடையின் ஈரத்துணியை விலக்கினார்.

"பூவாவது வாங்கிக்கினு போ. இது ரெடியா கீது."