தறிக்கூடத்தில் மட்டும் கேட்ட காது

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் அண்ணன் காளியண்ணன் அவர்களே! இந்தக் காது பரிசோதனை முகாமுக்குச் சேலத்திலிருந்து வந்திருக்கும் மருத்துவர் ஜெயப்பிரியா அவர்களே! தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் தறியை நிறுத்திவிட்டு ஓடிவந்திருக்கும் குமாரபாளையத்துத் தோழர்களே! பெரியோர்களே! பெற்றெடுத்த தாய்மார்களே! அத்தனை பேருக்கும் முருகானந்தத்தின் அன்பு வணக்கம்!

வாழ்த்துரை வழங்க நான் வரவில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன். குற்றவாளி யார்? நான்! குற்றம் யாருக்கு இழைத்தேன்? மூன்றாம் வரிசையில் பச்சைச் சேலையில் அமர்ந்திருக்கிறாரே, என் மனைவி சுகன்யா, அவருக்கு!

அப்போதெல்லாம் வீட்டில் கூப்பிட்டால் திரும்பமாட்டார். குழந்தை அழுதாலும் திரும்பமாட்டார். ஆனால் நாங்கள் இருவரும் வேலை செய்யும், நாற்பது தறி தடதடக்கும் கூடத்துக்குள், "பாவு நூல் அறுந்துருச்சு!" என்று நான் குரல் கொடுத்தால் மறுநொடி வந்து நிற்பார். இவருக்குக் காது கேட்காது என்றால் எந்தப் புருஷன் நம்புவான்? என்னங்க அண்ணா, நீங்களும் தலையாட்டுகிறீர்கள்? ஆகா, எனக்கு ஒரு கூட்டாளி கிடைத்துவிட்டார்!

ஊரார் "தறிச்சத்தத்துல காது போயிருச்சு" என்றார்கள். நான் அதையும் நம்பவில்லை. என் தங்கை வீட்டு விசேஷத்தில், பந்தியில் அத்தனை சொந்தமும் பார்க்க, "தறிக்குள்ள கேக்குது, ஊட்டுல கேக்காதா? நடிக்காத!" என்று கத்தினேன். பாதிச் சோற்றில் எழுந்தார் சுகன்யா. "நடிக்கறனா இல்லையான்னு டாக்டரே சொல்லட்டும்" என்றார். அதற்குப் பிறகு என்னோடு பேச்சே இல்லை.

சேலத்தில் இந்த மருத்துவரிடமே போய் ஸ்கேன் எடுத்தோம். படத்தில் கண்ணுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எனக்குள் ஒரு கொக்கரிப்பு! மருத்துவர் விட்டாரா? விடவில்லை! உள்காதைச் சுற்றிய எலும்பில், அரிசியைவிடச் சின்ன இடத்தில், அடர்த்தியைக் கணினியில் அளந்தார். எண் குறைவாக வந்தது.

"எலும்பு இங்க அடர்த்தி கொறஞ்சிருக்குதுங்க. பக்கத்துல சத்தத்தை உள்ள கடத்தற குட்டி எலும்பும் அசையாம இறுகிப்போச்சு. செவிச் சோதனையும் அதையேதான் சொல்லுது" என்றார்.

"அப்பத் தறிக்குள்ள மட்டும் எப்படீங்க கேக்குது?" விட்டேனா நான்!

"வீட்டுல மெதுவாப் பேசறீங்க, அங்க சத்தத்துக்கு மேல கத்திப் பேசறீங்க. தறிச்சத்தம் அவங்களுக்குக் கொறைவாத்தான் கேக்கும், அதனால உங்க கத்தல் தெளிவா விழுகும். இந்த நோய்க்காரங்க நெறையப் பேருக்கு இப்படித்தானுங்க."

அந்தக் குட்டி எலும்பைச் சரிசெய்ய அங்கேயே கையெழுத்துப் போட்டேன், தோழர்களே!

அறுவை சிகிச்சை நடந்தது. சில வாரம் கழித்து ஒரு நாள், அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார் சுகன்யா. "ஏனுங்க, தீபிகா வாய்ப்பாட்டைத் தப்பாப் படிக்கறாளுங்க!" பக்கத்து அறையில் மகள் முணுமுணுத்தது கேட்டிருக்கிறது! அப்பாடா! அன்று நான் அழுதேன். பின்னால் நின்று சிரிக்காதே சின்னான், உண்மையாகவே அழுதேன்.

தறிச்சத்தம் காதைக் கெடுக்கும்; மறுக்கவில்லை. ஆனால் எல்லாப் பழியையும் தறிமேல் போடலாமா? பார்த்தே தீர வேண்டாமா? அளந்தே அறிய வேண்டாமா? அதற்குத்தான் இந்த முகாம். வெட்கப்படாமல் வரிசையில் நில்லுங்கள்!

இதோ, மைக்கைத் தள்ளி வைக்கிறேன். மெதுவாகவே சொல்கிறேன். சுகன்யா, என்னை மன்னிச்சிரு.

என்னம்மா, கேட்டுச்சா?

"கேட்டுச்சுங்க! பந்தியில கத்துனீங்களே, இதையும் மைக்குலயே சொல்லுங்க!"

சொல்கிறேன்! ஊரறியச் சொல்கிறேன்! என் மனைவி நடிக்கவில்லை! தப்பு என்னுடையதுதான்! பொறுமையாகக் கேட்ட உங்கள் காதுகளுக்கெல்லாம் நன்றி, வணக்கம்!