வெளியே எதுவும் இல்லை

நவம்பர் பதினேழு, மாலை நான்கு மணி இருபது நிமிடம்; கடலிலிருந்து சாய்ந்தடிக்கும் மழை. நானும் என் மனைவியும் குடியிருந்த கேரவன் வண்டியில் அப்போது காய்ந்த துண்டு ஒன்றுகூட இல்லை. விலங்குக் காப்பகத்தின் அதிகாரியாகிய தாங்கள் மழைக்காலத்தில் மூன்று பூனைகளோடு கடலோரச் சாலையில் பயணம் செய்ததில்லையென்றால், காய்ந்த துண்டின் அருமை தங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

தங்கள் முன்னுள்ள கேள்வி சிறியது: தங்கள் காப்பகத்தில் இருக்கும் என் பூனைகளை என்னிடம் ஒப்படைப்பதா, என் மைத்துனியிடமா? அதற்கு விடை கேட்டு வாரக்கணக்கில் இந்த மர நாற்காலிக்கு வந்துபோகிறேன். "இன்னும் கையெழுத்து ஆகல சார்," என்கிறார் தங்கள் எழுத்தர். "பூனை எங்க சார் ஓடிடப் போகுது?" பூனைகளைப் பற்றி ஒன்றும் அறியாத ஒருவரை இங்கே எப்படி நியமித்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.

மைத்துனியின் மனு கூறுவது இது: அத்தான் பூனையை வெளியே விட்டுவிட்டார், அதைத் தேடிப் போய்த்தான் அக்கா இறந்தாள், இவ்வளவு அசட்டையான மனிதரிடம் பூனைகளை எப்படி நம்பிக் கொடுப்பது? சட்ட வரைவுகளில் பிழை நீக்குவது என் தொழிலாக இருந்தது. பிழையான செய்தி ஒன்று கோப்பில் நிற்பதை என்னால் பொறுக்க இயலவில்லை. ஆகவே திருத்துகிறேன். அன்று எந்தப் பூனையும் வெளியே போகவில்லை.

எங்கள் வண்டிக்கு ஒரே கதவு, ஒரே விதி. நாயோ, தப்பிய பூனையோ அருகில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, வெளியே நிற்பவர் "வெளியே எதுவும் இல்லை" என்று சொல்லவேண்டும். உள்ளே இருப்பவர் பூனைகளைக் கூடைகளில் அடைத்துவிட்டுத் திறக்கவேண்டும். என் மனைவிக்கு இது முதலில் வேடிக்கையாக இருந்தது. "ஏங்க, விமானத்துல ஏறக்கூட இவ்ளோ கெடுபிடி இல்ல," என்பாள்.

மழை நீள நீள வேடிக்கை கசந்தது. மெத்தை பூஞ்சை பிடித்தது. பூனைகளின் மணல்தட்டு நாறியது. "யானைக்கொரு காலம், பூனைக்கொரு காலம்னு சொல்வாங்க. எனக்கு எப்பங்க வரும்?" என்றாள். அன்று காலை, அடுத்த ஊரில் இறங்கி, பூனைகளையும் அழைத்துக்கொண்டு தங்கை வீட்டுக்கே போய்விடப்போவதாகச் சொன்னாள். களைப்பில் பேசுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

மாலையில், வண்டியைக் கடலோரமாக நிறுத்தியிருந்தபோது, பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கொட்டுவதற்காக, ஒரு பூனையைக்கூட அடைக்காமல் கதவைத் திறந்தாள். அதன்பின் கிழவனைக் காணவில்லை. கிழவன் எங்கள் மூத்த பூனை; ஒரு கண் தெரியாதவன். "ஐயோ, இறங்கிட்டான் போல," என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு கடற்பாறைகளை நோக்கி ஓடினாள். நான் கதவைச் சாத்தினேன். கட்டிலுக்கு அடியிலிருந்த போர்வைப் பெட்டியைத் திறந்தேன். கிழவன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான்.

கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒருமுறையாவது முழுமையாகத் தேடினால்தான் ஒரு கதவின் மதிப்பு அவளுக்குப் புரியும் என்று கருதினேன்.

இருட்டத் தொடங்கியபோது வந்து தட்டினாள்.

"அவன் கிடைக்கலங்க. கால் பிசகிடுச்சு. டார்ச்சும் நின்னுபோச்சு. திறங்க."

"சொல்ல வேண்டியதைச் சொல்லு."

"விளையாடற நேரமாங்க இது? தண்ணி பாறை மேல ஏறுது."

"சொல்லு, திறக்கறேன்."

"பாவம், அவன் வெளியில நனைஞ்சுக்கிட்டு இருக்கான். எதுவும் இல்லன்னு எந்த வாயால சொல்வேன்?"

என் மனைவி பொய் சொல்லாதவள். அதை அறிந்தே கேட்டேன். கிழவன் அப்போது என் மடியில் இருந்தான்.

"அப்படின்னா தேடிட்டு வா," என்றேன்.

நொண்டியபடி இறங்கிப் போனாள். சற்று நேரத்தில் "ஏங்க, ஏங்க" என்று குரல் கேட்டது. அது பூனையை அழைக்கும் குரல் அன்று. உடனே எழுந்து, விதிப்படி, பூனைகளைக் கூடைகளில் அடைக்கத் தொடங்கினேன். கிழவன் முரண்டு பிடித்தான். கடைசிக் கூடையை மூடியபோது குரல் நின்றிருந்தது. கதவைத் திறக்கும் தேவை இனி இல்லாததால், அவர்களைக் கூடைகளிலிருந்து வண்டிக்குள்ளேயே திறந்துவிட்டேன். கூடைக்குள் இருப்பது அவர்களுக்குப் பிடிக்காது. மறுநாள் காலை மீனவர்கள் அவளைத் தூக்கிவந்து கதவைத் தட்டியபோதும், கூடைகளை மூடிய பிறகே திறந்தேன்.

ஆக, அசட்டை என்னும் சொல் எனக்குப் பொருந்தாது என்பதைத் தாங்கள் இப்போது ஏற்பீர்கள்.

தாங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தொலைபேசியில் யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசினீர்கள். வாசலில் காவலர் ஒருவர் வந்து நிற்கிறார். அவருக்கும் பூனை வேண்டியிருக்கலாம். ஒருவழியாகக் கையெழுத்திட்டு, ஆணையை என்னிடம் நீட்டுகிறீர்கள். படித்துப் பார்க்கிறேன். வாக்கியத்தில் பிழை இல்லை. மூன்று பூனைகளும் மைத்துனி வீட்டுக்கு.

எனக்கு விளங்கவில்லை. இது நடந்துவிடக்கூடாது என்பதற்காகத்தானே அன்று நான் கதவைத் திறக்கவில்லை.