பன்னிரண்டாம் நம்பர் கடிகாரம்

மழை வருவதற்கு முந்தின நாளே என் வலது தோள்பட்டை வலிக்கத் தொடங்கிவிடும். இன்றைக்கும் வலிக்கிறது. கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறேன் சார், மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் குவாரியில் ஒரு பெரிய கல் சரிந்து இந்தத் தோளில் விழுந்தது. கூட வேலை செய்த எல்லோரும் ஓடிவிட்டார்கள். கலைமணிதான் கடப்பாரையைப் போட்டு நெம்பி என்னை வெளியே இழுத்தான். அதை நான் என்றைக்கும் மறுத்ததில்லை.

கடிகாரங்களைப் பற்றிக் கேட்டீர்கள். அந்தக் காலத்தில் சேலத்தில் ரங்கைய செட்டி என்று ஒரு நகைக்கடைக்காரர் இருந்தார். வெளிநாட்டிலிருந்து பன்னிரண்டு பாக்கெட் கடிகாரங்களை வரவழைத்து, முகப்பில் தன் கடைப் பெயரை மையால் எழுதி விற்றார். பின்மூடிக்குள் ஒன்று முதல் பன்னிரண்டு வரை நம்பர் இருக்கும். உள்ளே ஓடும் இயந்திரம் எந்தக் கடிகாரத்திலும் இருப்பதுதான். பெயர்தான் விஷயம்.

எங்கள் குவாரி முதலாளியிடம் அதில் ஒன்று இருந்தது. அவர் மூடியைத் திறந்து மணி பார்த்தால்தான் எங்களுக்குச் சோறு. அந்த மூடிச் சத்தத்துக்குக் காத்திருந்தே என் அப்பாவின் ஆயுசு போயிற்று. முதலாளி இறந்ததும் அவர் மகனிடம் அதை விலைக்கு வாங்கினேன். பிறகு மற்றவற்றைத் தேடிப் போனேன். பெரும்பாலும் காசு கொடுத்துத்தான். மொரப்பூரில் ஒருவர் மட்டும் தர மாட்டேன் என்றார். அவருடைய இரண்டு விரல்களைப் பின்பக்கமாக மடக்கினேன். மூன்றாவதுக்குப் போவதற்குள் அவரே பீரோ சாவியைக் காட்டினார்.

பதினொன்று சேர்ந்தது. பன்னிரண்டாவது பாப்பாரப்பட்டியில் கலைமணி வீட்டிலேயே இருந்தது. அவன் மாமனார் வழியில் வந்தது. கேட்டதும், காசே வேண்டாம் என்றான்.

"உங்களுக்கு இல்லாததா மாமா? ஆயுத பூஜைக்கு ஒரு தடவ சாமிகிட்ட வெச்சு எடுத்துடறேன். சாயந்திரமா வந்து வாங்கிக்குங்க."

போனேன். சம்மட்டி, உளி, கடப்பாரை எல்லாம் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து சாமி படத்துக்கு முன்னால் கிடந்தன. நடுவில் கடிகாரம். வெள்ளை முகப்பில் எண்கள் இருந்தன, முள் ஓடியது. பெயர் இல்லை.

"புளியும் சாம்பலும் போட்டு நானே தேய்ச்சேன் மாமா. கண்ணாடியக் கழட்டி முகப்பக்கூட உடல. எப்படி மின்னுது பாருங்க."

அவன் மனைவி தேவிப்பிரியா பொரித் தட்டை நீட்டினாள். "மொதல்ல சாப்பிடுங்கண்ணா."

"பேரு எங்கடா?" என்றேன்.

"அந்தக் கிறுக்கலா? அழுக்கோட அதுவும் போயிடுச்சி. செத்துப்போன செட்டியார் பேர வெச்சிக்கிட்டு என்ன பண்ணப்போறீங்க, அவர் வூட்ல பொண்ணா எடுக்கப்போறீங்க?" என்று சிரித்தான்.

எனக்குக் கோபம் வரவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள். சாமி முன்னால் இருந்த சம்மட்டியை எடுத்தேன். தோள் வலியால் முதல் அடி காதுக்குக் கீழே சறுக்கிவிட்டது. அவன் தரையில் உட்கார்ந்து, "மாமா" என்றான். இரண்டாவது சரியாக விழுந்தது. கல் எங்கே பிளக்கும் என்று பார்த்து அடிப்பது போலத்தான். இடம் தெரிந்துவிட்டால் பலம் தேவையில்லை. தேவிப்பிரியா என் கையைப் பிடித்துத் தொங்கினாள். "உடும்மா" என்று இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லவில்லை.

தரையெல்லாம் பொரி. மிதிக்காமல் சுற்றி நடந்து, திண்ணையில் உட்கார்ந்து, நீங்கள் வரும்வரை காத்திருந்தேன்.

பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் வரை எடுக்கக் கூடாது. நான் எடுத்துவிட்டேன். அது தப்புதான், ஒப்புக்கொள்கிறேன்.

நீங்கள் பையில் போட்டு வைத்திருக்கிற அந்தக் கடிகாரம் எனக்கு வேண்டாம். பெயர் போனதைச் சேர்த்தால் பன்னிரண்டு ஆகாது. நான் யாருக்கும் எதுவும் பாக்கி வைத்ததில்லை சார். கலைமணிதான் எனக்கு இன்னும் ஒரு கடிகாரம் தர வேண்டும்.