அடுப்பில் இருந்த வெல்டிங் ராடுகள்

அப்பளத்துக்கும் வெல்டிங் ராடுக்கும் ஈரம் ஆகாது. அப்பளத்தை எனக்கு உம்மா சொல்லிக்கொடுத்தார்கள். ராடை என் வீட்டுக்காரர் சொல்லிக்கொடுத்தார்.

சந்தியா என்றுதானே பெயர் சொன்னீர்கள்? தமிழ் தெரிந்தவர் இங்கே இருக்கிறார் என்று வாசலிலேயே சொல்லியிருந்தால், என் அரைகுறை இந்தியை வைத்துக்கொண்டு அந்த ஆபீசரைப் பாடுபடுத்தியிருக்க மாட்டேன். நான் சொல்லச் சொல்ல அவருக்கு அரபியில் சொல்லிவிடுங்கள். ஒன்றும் அவசரமில்லை.

நீங்கள் உள்ளே வைத்திருக்கும் கௌஸ் முகைதீன் என் வீட்டுக்காரர். அஜ்மானில் வண்டி உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறார். இறந்துபோன சாகிர் அவருடைய தம்பி, எங்களோடு ஒரே வீட்டில் இருந்தவர். வண்டி உடைந்ததற்குத் தன் கை வேலைதான் காரணம் என்று என் வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். அது தப்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

துபாயில் அந்தப் பெரிய கோபுரம் பாதி எழும்பி நின்ற சமயத்தில் இந்த வேலை ஆரம்பித்தது. எல்லோரும் எதையோ கட்டிக்கொண்டிருந்தார்கள், இவருக்கும் கை அரித்திருக்கும். பழைய பிக்கப் ஒன்றை எங்கள் வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து இறக்கினார். கேபினைக் கழற்றி மதிலோரம் வைத்தார். எஞ்சினைத் தார்ப்பாயில் பொதிந்தார். மிஞ்சியது ஃபிரேம், அதாவது எல்லாமே மேலே உட்காருகிற அடிச்சட்டம். அதை நடுவில் வெட்டி, புது இரும்பு சேர்த்து நீட்டி, பக்கமெல்லாம் தகடு அடித்துப் பலப்படுத்தினால் சின்ன லாரியாகவே ஆகிவிடும் என்றார். இப்படி நீட்டிய வண்டிக்கு ரோட்டில் ஓட்ட அனுமதிக்கிற பாசிங் கிடைக்காது என்பதால் எந்த ஒர்க்‌ஷாப்பும் தொடவில்லை. அதனால்தான் வீட்டிலேயே செய்தார். மூத்தவள் அஃப்னா பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்துவிட்டு, "உம்மா, வாப்பா ஷிப் பண்றாங்களா?" என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன். பார்க்கவும் அப்படித்தான் இருந்தது.

அடுக்களைக் குழாய் ஒழுகுகிறது என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. அதைத் திரும்பிப் பார்க்காதவர், ஃபிரேமில் ஒரு மயிரிழை கோணல் இருந்தால் சோறு இறங்காமல் தவிப்பார். அதோடு பேசவும் செய்வார். கல்யாணமான புதிதில் என்னிடம் பேசியதைவிட நிதானமான பேச்சு. நான் பொறாமைப்படவில்லை. எப்படியானாலும் ஆள் வீட்டில் இருந்தார் அல்லவா.

அதற்கு முன்னால் வெள்ளிக்கிழமை என்றால் தம்பியின் கூட்டாளிகள் ரூமில் கேரம் ஆடப் போய்விடுவார். தூங்க மட்டும் வீடு. ஃபிரேம் வந்தபிறகு ஜும்மாவுக்குப் போய் வந்து, பிரியாணி சாப்பிட்டு, மஃரிபு தொழுகை வரை முற்றத்தில்தான். கோணல் பார்க்க இந்த மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் கயிறு பிடிக்க வேண்டும். ஒரு முனையை அவர் பிடிப்பார், மறுமுனையை நான் பிடிப்பேன். "இழுத்துப் புடி ஹாலிதா, அசையாத," என்பார். நான் அசையமாட்டேன். ஒரு பெண்பிள்ளைக்கு வேறென்ன வேண்டும், சொல்லுங்கள்.

ராடுகளை ஈரக்காற்று படாமல் சூட்டில் வைக்க வேண்டும் என்று என் ஓவனில்தான் வைத்தார். நான் பிள்ளைகளுக்கு கேக் செய்கிற ஓவன். ஈரம் ஏறிய ராடால் பற்றவைத்தால் என்ன ஆகும் என்று ஒருநாள் விளையாட்டாகத்தான் கேட்டேன். பார்க்க நன்றாகவே இருக்கும், உள்ளே குமிழியாய் நிற்கும், ஆறியபிறகு விரிசல் விடும் என்றார். கேட்டதற்குச் சந்தோஷப்பட்டு நிறையவே விளக்கினார்.

வேலை வேகமாக முடிந்துகொண்டு வந்தது. எனக்கு அது ஒரு மாதிரியாக இருந்தது. ஒரு வியாழக்கிழமை இடியாப்பம் அவித்துக்கொண்டிருந்தேன். ஆவி வீணாகத்தானே போகிறது என்று ராடுகளைக் கொஞ்ச நேரம் அதில் காட்டி, துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். மறுநாள் பற்றவைத்த இடம் சனிக்கிழமை காலையில் விரிந்திருந்தது. அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பிறகு கிரைண்டரை எடுத்து அத்தனையையும் சீவித் தள்ளி, முதலிலிருந்து தொடங்கினார். எனக்கு இன்னொரு வெள்ளிக்கிழமை கிடைத்தது. அதன்பிறகும் சிலமுறை செய்தேன். கடைக்காரன் சீனத்துச் சரக்கைத் தந்து ஏமாற்றிவிட்டான் என்று அவர் திட்டினார். கடல்காற்றாகவும் இருக்கலாம் என்று நான் சமாதானம் சொன்னேன்.

இதுவரைக்கும் யாருக்கும் ஒரு தீங்கும் இல்லை. ஆபீசருக்கு இதை அழுத்திச் சொல்லுங்கள்.

அந்த லாரி எதற்கு என்று எனக்கு முதலில் தெரியாது. பொழுதுபோக்கு என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் அண்ணனும் தம்பியும் முற்றத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள், நான் ஜன்னலுக்கு இந்தப்பக்கம் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். லிவா பக்கம் பாலைவனத்தில் ஒரு சைட்டுக்குத் தண்ணீர் ஏற்றிக் கொடுக்கிற வேலையைச் சாகிர் பேசி முடித்திருந்தார். சைட்டுக்குள்ளேயே ஓடுகிற வண்டிக்கு பாசிங் வேண்டாமாம். இரண்டு பேரும் அங்கேயே கேம்பில் தங்கிக்கொள்வதாம்.

"மச்சியையும் புள்ளைங்களையும் ஊருக்கு அனுப்பிரலாம் காக்கா," என்றார் சாகிர். அண்ணனைக் காக்கா என்றும் அண்ணியான என்னை மச்சி என்றும்தான் கூப்பிடுவார். "நம்ம ரெண்டு பேருக்கு எதுக்கு இவ்வளவு பெரிய வீடு?"

என் வீட்டுக்காரர் என்ன சொல்கிறார் என்று கேட்க நான் குழாயை மூடினேன். அது ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. "வண்டி முடியட்டும், அவகிட்ட நானே பக்குவமா சொல்லிக்கிறேன்," என்றார்.

கீழக்கரையில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் புருஷன் என்பவர் போனில் வருகிற ஒரு குரல்தான். நிக்காஹ் முடிந்து வெகுகாலம் நானும் அந்தக் குரலோடுதான் குடும்பம் நடத்தினேன். விசா எடுத்து என்னை இங்கே கூட்டிவந்தபிறகுதான் அவர் தூங்கும்போது குறட்டை விடுவார் என்பதே தெரிந்தது. திரும்பவும் குரலாகப் போகிறேன் என்கிறார், அதுவும் பக்குவமாக. எனக்குக் கோபம் வரவில்லை. சாகிர் மீதும் இல்லை. நல்ல பிள்ளை. என் மீன் குழம்புக்கு அவரைப்போல யாரும் ருசி சொன்னதில்லை. அவர் பேச்சை அண்ணன் தட்டமாட்டார் என்பது ஒன்றுதான் அவரிடம் இருந்த குறை.

கடைசித் தடவை ராடுகளைக் கொஞ்சம் கூடுதலாகவே ஆவியில் வைத்தேன். ஆனால் அந்த முறை மறுநாள் விரியவில்லை. அவர் சுத்தியலால் தட்டிப் பார்த்தார், தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினார், இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கறுப்புப் பெயிண்ட் அடித்தார்கள். எஞ்சின் ஏறியது, கேபின் ஏறியது. ஃபிரேமின் பின்பாதி மட்டும் இன்னும் சாமான் ஏற்றுகிற தொட்டி வைக்காமல் வெறுமனே கிடந்தது. நான் அதில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவர் திட்டுவார், நான் கேட்பதில்லை.

அப்படிக் காயப்போடும்போதுதான் பார்த்தேன். ஒட்டுப்போட்ட இடத்தில் பெயிண்டில் ஒரு கோடு. முடி ஒட்டியிருக்கிறது என்று நினைத்து விரலால் எடுக்கப் போனேன். வரவில்லை. நகம் உள்ளே இறங்கியது. டப்பாவில் மிச்சமிருந்த பெயிண்டை எடுத்துவந்து அதன்மேல் பூசினேன். அசிங்கமாகத் தெரிய வேண்டாமே என்றுதான். அவர் அவ்வளவு ஆசையாகச் செய்தது.

ஒரு வாரத்தில் தொட்டியும் ஏறியது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, தண்ணீர் நிரப்பிய பீப்பாய்களை ஏற்றி, ஊருக்கு வெளியே கல்லும் மேடுமாக இருக்கிற இடத்தில் ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. ஓட்டுவது என் வீட்டுக்காரர், பக்கத்தில் தம்பி. இரண்டு பேரும் சட்டை மாற்றிவிட்டார்கள். பெருநாளுக்குப் புறப்படுவதுபோல என் வீட்டுக்காரருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அத்தர்கூடப் போட்டிருந்தார். லாரிக்கு எதற்கு அத்தர் என்று நான்கூடக் கிண்டல் செய்தேன்.

புறப்படுகிற நேரத்தில் மின்ஹாவுக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். சின்னவள் என்றால் அவருக்கு உயிர். அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, கிளினிக் எப்போது திறக்கும் என்று உள்ளே கடிகாரத்தைப் பார்க்கப் போய்விட்டார். நான் போய் கேட்டைத் திறந்தேன். சாகிர் வண்டியைக் கிளப்பி வைத்திருந்தார்.

"காக்கா வரலியா மச்சி?"

"புள்ளைக்கு மேலு சுடுது தம்பி. நீங்க ஓட்டிப் பாத்துட்டு வாங்க."

"நான் நாளைக்கு வேணா போவட்டா? காக்கா ஆசைப்பட்டாங்களே."

"இல்ல, அவங்கதான் உங்களப் போச் சொன்னாங்க," என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். மேட்டிலிருந்து இறங்கும்போது சட்டம் நடுவில் மடிந்து, பீப்பாய்கள் கேபினை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தன என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவரைப் பெற்ற மாமி போனில் அழுதார்கள். நானும் அழுதேன், அது நடிப்பில்லை.

மின்ஹாவுக்கு உடம்பு சுடவில்லை. ஒரு வாரமாகவே யார் போவார், யார் வீட்டில் இருப்பார் என்று எனக்குத் தெரியும். இதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்போது அவரைப் பார்க்க விடுவார்களா? வேண்டாம், முதலில் நீங்கள் போய்ச் சொல்லுங்கள். வெல்டிங்கில் தன்மேல் ஒரு பிழையும் இல்லை என்று தெரிந்தால் மனுஷருக்கு எவ்வளவு நிம்மதியாக இருக்கும். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லையாம், இதைக் கேட்டால் நிச்சயம் ஒரு வாய் சாப்பிடுவார்.